பதினோரு பேருக்கான அடுப்பு

மேல்மலையில் பூண்டு வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன மடம். அதை நடத்திவந்த செங்கமலத்தம்மாளுக்கு வயது நாற்பத்தைந்துகூட இருக்காது. அவருடைய சீடர் சங்கிலிராஜனுக்கோ அறுபத்தெட்டு. சாலைபோடும் இலாகாவில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். வயதைக் கேட்டுவிட்டுக் குருவைத் தேடுகிற ஆள் இல்லை. அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன்தான்.

அன்று அவர் வந்தபோது கண் இரண்டும் சிவந்து, ஆளே ஓய்ந்துபோயிருந்தார். செருப்பைக் கழற்றக்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா, உடம்புக்கு முடியலையா?" என்றார் அம்மாள்.

"உடம்புக்கு என்னம்மா, இருக்கு. ஹால்ல இருக்கிற இரும்பு அடுப்போட மல்லுக்கட்டியே என் காலம் போயிரும் போல. விறகு லோடு லோடாத் தின்னுது. வீட்டுல சூடு நிக்க மாட்டேங்குது. புகைதான் மிச்சம்."

"சரி."

"குருவம்மா ஊருக்குக் கிளம்புறா. சின்னமனூருக்கு, அவ அண்ணன் வீட்டுக்கு. வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு. மூணு மாசமா இருமல். இந்தக் குளிர்லயும் புகையிலயும் இனி என்னால ஆகாதுன்னுட்டா. போனா திரும்பி வருவாளான்னு எனக்குத் தெரியலைம்மா."

நாற்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்த மனைவி. பயம் வராமல் இருக்குமா?

"இதைவிடப் பெரிய அடுப்பா ஒண்ணு வாங்கப் போறேன். எந்த அளவு வாங்கலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"வீட்டுல எத்தனை பேரு?"

"பதினோரு பேரும்மா."

கண்ணை இமைக்காமல் சொன்னார். அம்மாள் கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டார்.

"நடங்க. பார்த்துட்டு வருவோம்."

மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி, வீட்டுக்கு முன்னால் நின்ற தைல மரங்கள் பாதிதான் தெரிந்தன. வீடு என்றால் வீடா அது? ஹாலில் ஒரு கல்யாணமே நடத்தலாம். நடுவில் அந்த அடுப்பு, கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் புகைக்குழாயோடு. அன்றைக்குக் கடையில் இருந்ததிலேயே பெரியதைப் பார்த்து வாங்கியது. சுற்றிப் பதினோரு நாற்காலிகள். ஒன்பதின் மேல் கரி படியாமல் துணி போட்டு மூடியிருந்தது.

"மத்தவங்க எங்கய்யா?"

"மூத்தவன் துபாய்ல. அடுத்தவன் கோயமுத்தூர். பொண்ணு ஓசூர்ல. பேரப்பிள்ளைகளோட சேர்த்து ஒன்பது பேர்."

"கடைசியா எப்ப வந்தாங்க?"

"கிரகப்பிரவேசத்துக்கு. ரெண்டு வருஷம் ஆச்சு. மே மாசம் வரதா இருந்துச்சு. லீவு கிடைக்கலை."

அம்மாள் அடுப்பின் கதவைத் திறந்து, வயிறு நிறைய விறகு அடுக்கி, கீழே இருந்த காற்றுக் கதவை முழுசாகத் திறந்துவிட்டுப் பற்றவைத்தார். அரை மணி நேரத்தில் அடுப்பு உறுமியது. சங்கிலிராஜன் சால்வையைக் கழற்றினார். பிறகு ஸ்வெட்டரை. பிறகு போய் ஜன்னலைத் திறந்தார். பனி உள்ளே புகுந்தது. சமையலறைப் பக்கமிருந்து குருவம்மாள் இருமுவது கேட்டது.

"இப்ப என்ன செய்வீங்க?"

"காத்துக் கதவைச் சாத்திருவேன்."

"சாத்துங்க."

சாத்தினார். தீ அமுங்கிக் கட்டைகள் குமைந்தன. இடுக்கிலெல்லாம் புகை கசிந்தது. குழாய் மூட்டிலிருந்து கறுப்பாகத் தார் மாதிரி ஏதோ சொட்டியது. அம்மாளுக்கே இருமல் வந்துவிட்டது.

"ரெண்டு கட்டையோட நிறுத்திக்கிட்டா?"

"இவ்வளவு பெரிய வயித்துல ரெண்டு கட்டை எந்த மூலைக்கும்மா? அணைஞ்சு போகும்."

"தினமும் இதே பாடுதானா?"

"தினமும்."

அலுப்போடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அம்மாள் சமையலறைப் பக்கம் போனார்.

"அக்கா, சாயங்காலமானா நீங்க எங்க உட்காருவீங்க?"

குருவம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து அறையைக் காட்டினாள். அரிசி மூட்டை வைக்கிற அறை. தரையில் ஒரு பாய், ஒரு போர்வை, ஒரு சின்ன ரேடியோ. மூலையில் ஊருக்குக் கட்டிவைத்த பை.

"இங்கதாம்மா. அடுப்படிச் சுவர்ல லேசாச் சூடு வரும். முதுகைச் சாய்ச்சுக்குவேன்."

"எத்தனை நாளா?"

"போன மார்கழியிலிருந்து. அவரு ஹாலை விட்டு நகர மாட்டாரு."

பின்னாலேயே வந்த சங்கிலிராஜன் வாசற்படியில் நின்றுவிட்டார். அவள் சீக்கிரமே படுத்துவிடுகிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார். எட்டிப் பார்த்ததில்லை. இப்போது வெட்கமாக இருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ரேடியோவைப் பார்த்தார்.

அம்மாள் சுவரிலிருந்து சுவருக்கு அடி வைத்து நடந்தார். அந்தப் பக்கம் பத்து அடி, இந்தப் பக்கம் எட்டு. நின்று இரண்டு கைகளையும் எதிரெதிரே பிடித்து இடைவெளியைக் காட்டினார். ஒரு முழம் இருக்கும்.

"இம்புட்டு அகலத்துல ஒண்ணு வாங்குங்க. இந்த அறையில போடுங்க. நாலு கட்டையில நல்லா நின்னு எரியும்."

"அவ்வளவு சின்னதா?"

"அவ்வளவுதான்."

சங்கிலிராஜனுக்கு மனசு ஒப்பவில்லை.

"எல்லாரும் ஒண்ணா வந்துட்டா இது பத்தாதேம்மா."

"பதினோரு பேரும் வந்து இந்த அறையில நெருக்கி உட்கார்ந்தா, குளிர் எங்கய்யா நிக்கும்?"

குருவம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலில் கொண்டுபோய் விட்டது. சங்கிலிராஜன் அவசரமாக உள்ளே வந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். எலும்பு கையில் தட்டியது. எப்போது இவ்வளவு மெலிந்தாள்?

இருமல் அடங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை. அம்மாளைப் பார்க்காமலே கேட்டார். இந்த இரண்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒருநாளும் வராத கேள்வி.

"பிள்ளைங்க வரலைன்னா?"

அம்மாள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"அதுக்குத்தானய்யா இந்தச் சின்ன அடுப்பு."