நாற்பது குடமும் ஓர் எலுமிச்சம்பழமும்

ஆற்றுக்கு நடுவே ஒரு திட்டு. திட்டில் எழுபது வீடுகளும் ஓர் ஆசிரமமும் இருந்தன. ஆசிரமத் தலைவி வடிவம்மையிடம் கேள்வி கேட்க வருகிறவர், முதலில் ஆற்றிலிருந்து நாற்பது குடம் தண்ணீர் சுமந்து சமையல்கட்டுத் தொட்டியில் ஊற்ற வேண்டும். பிறகுதான் பதில்.

நாற்பது ஏன் என்பதற்கு மூன்று விளக்கங்கள் உண்டு. மனம் அடங்க நாற்பது நடை தேவை என்பார் சிலர். அகந்தையின் கூறுகள் நாற்பது என்பார் வேறு சிலர். தொட்டி நாற்பது குடம்தான் பிடிக்கும் என்பாள் சமையல்காரி பச்சையம்மாள். சான்று வலுவாக இருப்பது மூன்றாவதற்கே.

மாசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில் வைத்தியலிங்கம் பரிசலில் வந்து இறங்கினார். பாலத் துறையின் தலைமைப் பொறியாளர். மாதக் கடைசியில் ஓய்வு பெற வேண்டியவர். பதினேழு ஆண்டுகளாக வடிவம்மையின் சீடர். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

"அம்மா, திட்டுக்குப் பாலம் வரப்போகுது."

"நாப்பது வருஷமா வந்துக்கிட்டுதானே இருக்கு" என்றார் வடிவம்மை.

"இந்தத் தடவை நிஜமாவே. வெள்ளிக்கிழமை நான் கையெழுத்துப் போட்டாப் போதும். ஆனா டெண்டர் ரெண்டு வந்திருக்கு. ஒண்ணு, கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலை. முழுப் பாலத்தையும் அங்கேயே செஞ்சு, துண்டு துண்டா கப்பல்ல அனுப்பிடுவாங்க. இங்க போல்ட்டைப் போட்டு முடுக்க வேண்டியதுதான் பாக்கி. இன்னொண்ணு நம்ம ஊர் கான்ட்ராக்டர் இருளப்பன். அதே பாலத்துக்கு ரெட்டிப்பு விலை கேக்கிறான். யாருக்குக் கொடுக்கட்டும்?"

"தப்பாக் கொடுத்துட்டா?"

"என் பேரைப் போட்டுக் கல்வெட்டு செதுக்கியாச்சும்மா."

வடிவம்மை குடத்தைக் காட்டினார்.

"முட்டி தேஞ்சுபோச்சு. கொஞ்சம் மலிவா முடியாதா?"

"முடியுமே. வெளியில கொடுத்திடலாம்."

அக்கரையில், கடல் கடந்து வந்த துறவி ஒருவர் மூன்று மாதமாகக் கூடாரம் போட்டிருந்தார். கேள்வியைச் சீட்டில் எழுதி அனுப்பினால் அரை மணியில் பதில் வரும். விலை ஓர் எலுமிச்சம்பழம். தமிழிலும் கிடைக்கும், சற்று விறைப்பான தமிழ்.

"நீங்க கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"எதுக்கு? அவர் நல்ல மனுஷர். சொன்ன நேரத்துக்குப் பதில் தருவார்."

வைத்தியலிங்கம் கேள்வியை அலுவலக முறைப்படி எழுதினார். பொருள், பார்வை, பத்தி ஒன்று, பத்தி இரண்டு. பரிசல்காரர் பொன்னுரங்கம் சீட்டையும் பழத்தையும் வாங்கிக்கொண்டார்.

"பாலம் வந்துட்டா எனக்கு என்ன வேலைங்க சார்?"

"திறப்பு விழாவுக்கு வாங்க. முதல் வரிசையில நாற்காலி போடச் சொல்றேன்."

"எத்தனை நாளைக்கு உக்காரலாம்?"

பதில் அரை மணியில் வந்தது. மடிப்புக் கலையாத தாளில், முத்திரையுடன்.

'ஒரே பொருள் இரு விலைக்குக் கிடைக்குமாயின் குறைந்த விலைக்கு வாங்குக.'

"பார்த்தீங்களாம்மா! தெளிவு!" என்ற வைத்தியலிங்கம், இரண்டாம் முறை படித்தபோது சற்று மங்கினார். "ஆனா ரெண்டும் ஒரே பொருள்தானான்னு சொல்லலையே."

"நீங்க கேக்கலையே."

இரண்டாவது பழம் போனது. பதில் வந்தது: 'ஒரே பொருள் என்பது தாங்கள் அளித்த தகவல். காண்க: தங்கள் சீட்டு, பத்தி இரண்டு.'

மூன்றாவது பழத்துடன், பாலம் பழுதானால் சரிசெய்ய யார் வருவார் என்று கேட்டார். 'பழுதாகும் தேதி தங்கள் கேள்வியில் குறிப்பிடப்படவில்லை' என்று பதில் வந்தது.

உச்சிவேளை தாண்டுவதற்குள் எட்டுப் பழங்கள் அக்கரை சேர்ந்துவிட்டன. பச்சையம்மாள் காலிக் கூடையோடு வந்து நின்றாள்.

"ஊறுகாய்க்கு வச்சிருந்த பழம் மொத்தமும் போச்சு. தொட்டியில சொட்டுத் தண்ணி இல்லை. காலையிலேர்ந்து உக்காந்த இடத்துலயே எழுதிக்கிட்டிருக்கீங்களே, அரிசியை நான் எதுல களையறது? உங்க சீட்டுலயா?"

அவள் குடத்தை அவர் கையில் திணித்தாள். வடிவம்மை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது குடம் வரை வைத்தியலிங்கம் இருளப்பனைத் திட்டினார். பத்தாவது வரை அக்கரைத் துறவியை. அதன் பிறகு திட்டுவதற்கு மூச்சு இல்லை. தண்ணீர் வெகு தொலைவில், ஆற்றின் நடுவில் கிடந்தது. அங்கிருந்து கரை வரைக்கும் மணல்.

பதினேழாவது குடத்தோடு கரை மருதமரத்தின் அடியில் சாய்ந்து நின்றார். அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில், ஒரு கிளையில் காய்ந்த வைக்கோலும் கிழிந்த சாக்கும் ஒற்றைச் செருப்பும் தொங்கின.

பொன்னுரங்கம் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தார்.

"இதையெல்லாம் அங்க யார் வச்சது?"

"ஆறுதான்."

"எப்போ?"

"ஐப்பசியில. வருஷா வருஷம் வைக்கும். இந்த வருஷம் செருப்பு ஒத்தையா வந்துடுச்சு, இல்லேன்னா நானே போட்டுக்கிட்டிருப்பேன்."

வைத்தியலிங்கம் குடத்தை இறக்கி வைத்தார். மரத்திலிருந்து தண்ணீர் வரை காலடி எண்ணிக்கொண்டே நடந்தார். தொண்ணூற்று நான்கு காலடி. அக்கரையிலும் ஏறக்குறைய அவ்வளவு மணல் தெரிந்தது.

"எங்க ஆளுங்க இந்த ஆத்தை எப்போ அளந்தாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு. பங்குனி வெயில்ல நாடா பிடிச்சாங்க. முழங்கால் அளவுத் தண்ணி. நடந்தே வந்துட்டாங்க, பரிசல்கூடக் கேக்கலை."

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஒதுக்கிய பணத்தை மார்ச் முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும் என்பதால், பாலத் துறை எல்லா ஆறுகளையும் மார்ச்சில்தான் அளக்கும். துறையின் ஆவணங்களில் வெள்ளம் வந்த ஆறு ஒன்றுகூடக் கிடையாது.

அவர் பையைத் திறந்து இருளப்பனின் வரைபடத்தை எடுத்தார். இருளப்பனிடமிருந்து திரும்பி வந்த பிறகு முதன்முறையாக அதை முழுநீளத்துக்கும் விரித்தார். இரு முனைகளிலும் மேடு வரை கூடுதலாகத் தூண்கள் இருந்தன. பக்கத்தில் சிவப்பு மையில் அவருடைய கையெழுத்து: 'கேட்கப்படாத தூண்களுக்கு விலை கோருவது ஏன்? விளக்கம் தேவை.' அதன் கீழே பென்சிலில் இருளப்பனின் விளக்கம் இருந்தது. அவர் அதுவரை படிக்காதது. 'ஐயா, ஐப்பசிக்கு.'

பொன்னுரங்கம் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"கப்பல்ல வர்ற பாலம் எங்க சார் முடியும்?"

வைத்தியலிங்கம் மணலைக் காட்டினார்.

"அப்ப ஐப்பசியில பாலத்துல ஏறணும்னா பரிசல்ல போகணுமே?"

"போகணும்."

"எறங்கினதுக்கு அப்புறமும்?"

"அப்புறமும்."

"அவங்களுக்கே கொடுத்திடுங்க சார்" என்றார் பொன்னுரங்கம். "நல்ல பாலமாத் தெரியுது."

மீதிக் குடங்களையும் வைத்தியலிங்கம் சுமந்தார். தொட்டி நிறைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வேட்டி நனைந்தபடியே வந்து வடிவம்மையின் எதிரில் உட்கார்ந்தார்.

"கேளுங்க" என்றார் வடிவம்மை.

"கேள்வி மாறிப்போச்சும்மா. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடலை. கேக்காத தூணுக்காக இருளப்பனுக்கும் கொடுக்க விதியில்லை. ரெண்டு டெண்டரையும் ரத்து பண்ணிட்டு, ஐப்பசியில ஆத்தைத் திரும்ப அளக்கச் சொல்லி எழுதப்போறேன்."

"அப்ப இந்த வருஷமும் பரிசல்தானா!" என்றாள் பச்சையம்மாள் உள்ளிருந்து.

"ஆனா ரத்துக்குக் காரணம் எழுதணும்" என்று வைத்தியலிங்கம் குரலைத் தாழ்த்தினார். "நாங்க அளந்தது தப்புன்னு எழுதினா விசாரணை வரும். ஓய்வு பெற விடமாட்டாங்க. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸும் அந்த ஒரு வரியில போயிடும். அதுக்குப் பதிலா, வெளிநாட்டுக் கம்பெனி குட்டைப் பாலத்தைத் தலையில கட்டப் பார்த்துச்சு, நான் கடைசி நேரத்துல கண்டுபிடிச்சேன்னு எழுதினா எல்லாரும் நம்பிடுவாங்க. பேப்பர்லகூடப் பாராட்டுவாங்க."

"சரி, கேள்வி?"

"அவங்க நம்மளை ஏமாத்தத்தானேம்மா பார்த்தாங்க?"

வடிவம்மை பதிலுக்குக் கேட்டார்:

"நீங்க கொடுத்த அளவுல எவ்வளவு குறைச்சாங்க?"

"குறைக்கலை. ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைக்கலை."

"அடப் பாவமே" என்றார் வடிவம்மை. "உங்களை நம்பியிருக்காங்க."