ஆலா கூடு கட்டாத மணல்திட்டு

அந்தக் காலத்தில், பறவையும் ஆமையும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருந்த நாளில், இரு கரைகளுக்கு நடுவே கிடந்த கடலில் எவருக்கும் எல்லை தெரியாது. வடகரையில் காற்று முரண்டினால் பறவைகள் தென்கரைக்குப் போகும். அங்கே அலை பொங்கினால் இங்கே வரும். ஆலா என்னும் கடற்பறவை நடுக்கடல் மணல்திட்டில் கூடு கட்டியிருந்தது. வடகரைப் பனைநாரையும் தென்கரைத் தென்னைநாரையும் சேர்த்துப் பின்னிய கூடு. அதில் வெள்ளை வெளேரென்று இரண்டு முட்டைகள்.

அப்போதுதான் இரு கரை அரசர்களும் கடலைப் பங்கிட்டுக்கொண்டார்கள். கோடு திட்டின் குறுக்கே ஓடியது. கரைக்கொரு பருந்தைக் காவல் வைத்து, அயல்கரை உடைமை எதுவானாலும் பறித்துக்கொள்ளலாம் என்று கட்டளையிட்டார்கள்.

பருந்துகள் கூட்டருகே வந்து இறங்கின.

"பனைநார். வடகரைக் கூடு. ஆகவே எனக்கு," என்றது தென்கரைப் பருந்து.

"தென்னைநார் உமது கண்ணில் படவில்லையோ? இது உங்கள் ஊர்க் கூடு. எனக்குத்தான்," என்றது வடகரைப் பருந்து. பிறகு ஆலாவிடம் திரும்பியது. "எந்தக் கரை என்று நீயே சொல்லிவிடு. வெயில் தாழ்ந்ததும் வருகிறோம்."

வடக்கு என்றால் தெற்கு பறிக்கும். தெற்கு என்றால் வடக்கு பறிக்கும். ஆலா முட்டைகளின்மேல் ஒடுங்கி அமர்ந்தது. முட்டைக்குள் குஞ்சு அசைவது வேறு வயிற்றில் தட்டியது.

திட்டில் படுத்திருந்த ஆமை தலையை நீட்டியது. "நான் வெறும் மணலில் இட்டுவிட்டுப் போகிறவள். எந்த ஊர்க்காரி என்று என்னை ஒருவனும் கேட்டதில்லை. கூட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறவள் நீதானடி."

"உனக்கு நூறு முட்டை, அக்கா. எனக்கு இரண்டுதான்."

சொல்லிவிட்டாலும் வேறு வழி தெரியவில்லை. ஆலா கூட்டைப் பிரித்தது. நார்களை ஒவ்வொன்றாக இழுத்து நீரோட்டத்தில் விட்டது. முட்டைகள் வெறும் மணலில் கிடந்து சுட்டன. பதறிப்போய்க் கடலில் வயிற்றை நனைத்துவந்து அவற்றின்மேல் அமர்ந்தது. மீண்டும் பறந்தது, மீண்டும் நனைத்தது. ஈரத்தில் மணல் ஒட்டி, வெள்ளை முட்டையெங்கும் பழுப்புப் புள்ளிகள் படிந்தன.

பருந்துகளின் நிழல் விழுந்ததும் ஆலா எழுந்து நின்றது.

"கூடு எங்கே?"

"எந்தக் கரைக் கூடு?" என்றது ஆலா.

பருந்துகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒன்றின் நகம் முட்டைக்கு ஒரு விரலிடை தள்ளிப் பதிந்தது. பருந்துகளின் கண்ணுக்குக் கீழே மணல்தான் தெரிந்தது. இரண்டும் பறந்துபோயின.

அன்று முதல்தான் ஆலா கூடு கட்டுவதில்லை. அதன் முட்டையில் மணற்புள்ளிகள். எந்தக் கரை மீனவர் அந்தத் திட்டில் இறங்கினாலும், காலடியில் ஒன்று உடைந்துவிடுமோ என்று அஞ்சி, இன்றும் ஈர விளிம்பிலேயே நடக்கிறார்கள்.