சேற்றுத் தவளையின் சுகப் பள்ளி

நிக்கோன் என்ற தவளையின் பின்னங்கால் இரண்டும் சேற்றில் மாட்டிக்கொண்டன. மேலே வெயில் கொளுத்தியது. குளம் வற்றி நடுவில் கொஞ்சம் தண்ணீர்தான் மிச்சம். ஓரத்துச் சேறு காய்ந்து இறுகிக்கொண்டே வந்தது.

"காலை இழுடா!" என்று கரையிலிருந்து கத்தியது மிர்ட்டோ என்ற ஆமை.

"இழுத்தால் வலிக்குமா?"

"வலிக்கும். கொஞ்சம் தோல் உரியும். உயிர் போகாது!"

"அப்படியென்றால் வேண்டாம்."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். ஆனால் நிக்கோன் சாதாரணத் தவளை இல்லை, பள்ளி நடத்தும் தவளை.

இது அந்தக் காலத்து கிரேக்க நாடு. ஏதென்ஸ் நகரத்துக்கு வெளியே ஒலிவமரக் காடு, அதற்குள் இந்தக் குளம். எப்படி வாழ்ந்தால் சந்தோஷம் என்று அந்த ஊர் மனிதர்கள் தெருவுக்குத் தெரு பள்ளி வைத்துச் சண்டை போட்டார்கள். அதைப் பார்த்து விலங்குகளும் ஆரம்பித்துவிட்டன.

நிக்கோனின் பள்ளியில் ஒரே பாடம். இந்த நொடி எது சுகமோ அது நல்லது, எது வலியோ அது கெட்டது. மிர்ட்டோவும் சுகத்தைத்தான் தேடியது. ஆனால் பெரிய சுகத்துக்காகச் சின்ன வலியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது. அதனிடம் படிக்க முயல், அணில், முள்ளம்பன்றி என்று ஒரே கூட்டம். நிக்கோனிடம் ஒரு பூச்சிதான் வந்தது. அதையும் நிக்கோன் தின்றுவிட்டது.

அந்த வழியாக ஒரு நாய் வந்தது. அது எதுவுமே வேண்டாம் என்கிற பள்ளி. வீடு வேண்டாம், மெத்தை வேண்டாம், மரியாதையும் வேண்டாம்.

"என்ன வாத்தியாரே, நட்டு வைத்த மாதிரி இருக்கிறீர்? கவ்வி இழுக்கட்டுமா?"

"பல் படுமே!"

"வாயில் பல்தான் இருக்கும், பஞ்சா இருக்கும்?"

"வேண்டாம். சேறு வெதுவெதுப்பாக, கால் அமுக்கிவிடுகிற மாதிரி இருக்கிறது!"

"சரி. உமக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். வேலை மிச்சம்!" என்று நாய் போய்விட்டது.

உண்மையில் வெதுவெதுப்பு போய்ச் சேறு நெருக்க ஆரம்பித்திருந்தது. நிக்கோனுக்கு உள்ளுக்குள் பயம்தான். ஆனால் இழுத்தால் மிர்ட்டோ சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அது தோல் உரிவதைவிட மோசம்.

அப்போது ஒரு நாரை வந்து இறங்கியது.

"ஐயா, உங்கள் பள்ளியில் சேர வந்திருக்கிறேன்!"

நிக்கோனுக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய மாணவன்! அதுவும் தானாகத் தேடி வந்த மாணவன்!

"டேய், அது நாரைடா! இழு, இழு!" என்று அலறியது மிர்ட்டோ.

"பாடம் நடக்கிறது, சத்தம் போடாதே!"

நாரை பணிவாகக் கேட்டது. "எது நல்லது ஐயா?"

"இந்த நொடி உனக்கு எது சுகமோ அது!"

"பிறகு வருத்தப்பட நேர்ந்தால்?"

"பிறகு என்று ஒன்றே கிடையாது!"

"என் சுகத்தால் இன்னொருவருக்கு வலித்தால்?"

இப்படி ஒரு கேள்வியை நிக்கோன் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மாணவன் முன்னால் முழிக்க முடியுமா?

"அடுத்தவர் வலி உனக்கு எப்படித் தெரியும்? உனக்குத் தெரிவது உன் சுகம் மட்டும்தான்!"

"அருமையான பாடம் ஐயா! எனக்கு இப்போது பசிக்கிறது," என்று நாரை ஓரடி கிட்டே வந்தது.

அப்போதுதான் நிக்கோனுக்கு உறைத்தது. காலை லேசாக அசைத்துப் பார்த்தது. சுரீரென்றது. உடனே நிறுத்திவிட்டது.

"தோல்தானே, போனால் போகிறது! ஒரே இழு!" என்று கத்திக்கொண்டே மிர்ட்டோ கரையிலிருந்து சறுக்கி இறங்கியது. ஆமை நடந்து எப்போது போய்ச் சேர்வது?

நாரை கழுத்தை நீட்டியது.

சின்ன வலிக்குப் பயந்து சுகத்தைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவருக்கு அந்தச் சுகமும் மிஞ்சாது. காலை இழு என்று மிர்ட்டோ கத்தியது, நிக்கோன் கடைசிவரை இழுக்கவில்லை.