வான்னு கூப்பிடாத தீவு

ஒரு ஊர்ல ஒரு லாஞ்சு. ஊர்னா பஸ் ஸ்டாண்டும் மார்க்கெட்டும் இருக்கிற நம்ம ஊர் மாதிரி இல்ல. தண்ணி. எந்தப் பக்கம் பாத்தாலும் தண்ணி. அதுக்கு நடுவுல, யாரோ சோழியைக் குலுக்கிப் போட்டுட்டு எடுக்க மறந்துட்ட மாதிரி, அங்கொண்ணும் இங்கொண்ணுமா குட்டிக் குட்டித் தீவு. ஒரு தீவுல கொஞ்சம் வீடு இருக்கும். ஒரு தீவுல வெறும் நண்டு இருக்கும். இன்னொண்ணுல ஒத்தத் தென்னமரமும் அதுமேல ஒரு காக்காவும்தான். அத்தனைக்கும் சேத்து ஒரே ஒரு லாஞ்சு. டுப்பு டுப்பு டுப்புன்னு போகும். அரிசி மூட்டை, கோழிக்கூடை, சைக்கிளு, கல்யாணப்பொண்ணு, எல்லாம் அதுலதான் வந்து இறங்கணும். ம் சொல்லுடி. சொல்லாட்டி லாஞ்சு நின்னுடும்.

“ம்.”

ஆங். அந்தத் தீவெல்லாம் வேர் விட்டு நிக்கிறது இல்லயாம். மிதக்குதாம். அப்போ அலை அடிச்சா எங்கயாவது போயிடாதா? போகாது. மனுஷங்க பேசுற பேச்சுதான் அதுக்குக் கயிறு. லாஞ்சு ஏறுறவங்க “போயிட்டு வரேன்”னு சொன்னா அது ஒரு கயிறு. கரையில நிக்கிற வீட்டாளுங்க “வா”ன்னு கூப்பிட்டா அது இன்னொரு கயிறு. அதனால அந்தப் பக்கத்து ஆளுங்க துறையில நின்னுக்கிட்டு “போறேன்”னு மட்டும் சொல்லவே மாட்டாங்க. கோவத்துல கிளம்புறவன்கூட “வரேன்டா, வந்து உன்னப் பேசிக்கிறேன்”னுதான் கிளம்புவான்.

அப்புறம், அதுல புன்னைத்தீவுன்னு ஒரு தீவு. அங்க இருளாயின்னு ஒரு மாமியா. அவளுக்கு ஒரு மருமக, நம்புச்செல்வின்னு. எல்லாரும் நம்பு நம்புன்னு கூப்பிடுவாங்க. நம்பு கரையத் தாண்டி ரொம்ப உள்ள இருக்கிற ஊர்ப் பொண்ணு, கடலே பாக்காம வளந்தவ. கல்யாணம் முடிஞ்சு முதமுதல்ல லாஞ்சுல வந்தாளா, அலை தூக்கித் தூக்கிப் போட்டதுல பட்டுச்சேலையோட தலை சுத்திப்போச்சு. துறையில இருளாயி ஆரத்தித்தட்டோட நிக்கிறா. “வா”ன்னு சொல்ல வாயத் தொறக்கிறா. இவ பலகையில இருந்து இறங்கி நேரா வந்து, மாமியா கால்மேலயே உவ்வேன்னு...

“அய்யே!”

அய்யேதான். இருளாயி தொறந்த வாய மூடிக்கிட்டா. வான்னு சொல்லவே இல்ல. ஊரே வாம்மா வாம்மான்னு சொல்லுது, அந்த வீட்டு வாய் மட்டும் சொல்லல. அப்புறம் சொல்லிக்கலாம்னு நெனச்சாளோ என்னமோ. அப்புறங்கிற நாள் வரவே இல்ல. வீம்பு பிடிச்ச பொம்பள. எனக்கு அவளக் கண்டாலே ஆகாது, ஆனா என்ன செய்ய, கதையில இருக்காளே.

அன்னையில இருந்து மாமியா மருமககிட்ட நேருக்கு நேர் பேசுறதில்ல. எல்லாம் ஆடு மூலமாத்தான். ராசாத்தின்னு ஒரு வெள்ளாடு. “ஏ ராசாத்தி, சோறு வெந்துருச்சான்னு கேளு.” இவளும் “வெந்துருச்சுன்னு சொல்லு ராசாத்தி.” ஆடு நடுவுல நின்னுக்கிட்டு மே... மேன்னு ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பாக்கும். நம்புவோட புருஷன் பாதி நாளு ஆழக்கடல்ல மீன் பிடிக்கப் போயிடுவான். அவனுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருப்பான், ஆம்பளைங்களுக்கு அது நல்லா வரும்.

அப்புறம் நம்புவுக்கு ஒரு பொம்பளப்பிள்ளை பொறந்துச்சு. பால் குடிக்கிற பிள்ளை. ஒருநாள் வீட்டுல அரிசி இல்ல. நம்பு கரைக்குப் போகணும், பிள்ளையத் தூக்கிட்டுக் கிளம்புறா. அப்போ இருளாயி ஆட்டையும் இழுத்துக்கிட்டுப் பின்னாடியே துறைக்கு வந்து, “ஏ ராசாத்தி, பச்சப்பிள்ளையக் கடல்காத்துல கொண்டுபோவாளாமா? வச்சிட்டுப் போகச் சொல்லு”ங்கிறா. நம்புவுக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. பிள்ளைய மாமியா கையில கொடுத்துட்டு லாஞ்சுல ஏறி நின்னா. ஆட்டப் பாத்து, “நான் போறேன்னு சொல்லு!”ன்னுட்டா.

துறையில வெத்தல மென்னுக்கிட்டு இருந்தவங்க மெல்லுறத நிறுத்திட்டாங்க. லாஞ்சு ஓட்டுற கருமலை, “ஆத்தாடி, என்ன வார்த்த சொல்லிட்டே?”ன்னு தலையில கைய வச்சுட்டான். ஆனா லாஞ்சு கிளம்பிருச்சு. டுப்பு டுப்பு டுப்பு.

சாயங்காலம் அரிசியும் எண்ணெயும் வாங்கிட்டு நம்பு லாஞ்சுல திரும்பி வரா. கடல் அன்னைக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? மொதல்ல பச்ச, அப்புறம் நீலம், தீவு கிட்ட வர வர ஒண்ணுமே இல்லாத கண்ணாடி. குனிஞ்சு பாத்தா கீழ பவளப்பாறை, அதுக்குள்ள மஞ்சளும் சிவப்புமா மீனு, இன்னும் கீழ பாசியில ஒரு கடல்பசு தன் குட்டிய அணைச்சுக்கிட்டுப் பால் கொடுக்குது. நம்புவுக்கு மார்ல பால் கட்டி வலிக்குது. பிள்ளை ஞாபகம் வந்து அழுகையே வந்துருச்சு. இதோ வந்துட்டேன் கண்ணு, இதோ வந்துட்டேன்னு சொல்லிக்கிட்டே வரா.

புன்னைத்தீவு கிட்ட வந்துருச்சு. கருமலை கயித்த எடுத்து வீசினான் பாரு, அப்போ சர்ர்ர்ருன்னு தீவு பின்னால நகந்துருச்சு! கயிறு தொபுக்குன்னு தண்ணியில. கருமலை லாஞ்ச இன்னும் கொஞ்சம் விட்டான். தீவும் இன்னும் கொஞ்சம் போச்சு. தென்னமரமெல்லாம் தலைய ஆட்டுது. கொடியில காயுற துணி ஊஞ்சலாடுது. கெணத்துத் தண்ணி களக் களக்குன்னு வெளிய சிந்துது. கோழியெல்லாம் கெக்கெக்கேன்னு கூரைமேல ஏறிருச்சு. ஒரு தீவு, அவ்வளவு பெரிய தீவு, வீடு வாசல் மாடு மனுஷன் எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு நகந்து போறத லாஞ்சுல இருந்தவங்க பாத்தாங்கடி.

“பயமா இருந்துச்சா?”

பயம்தான். ஆனா கண்ண எடுக்க முடியாத பயம். அப்புறம் கருமலை சொன்னான், “நீ இருக்கிற வரைக்கும் கரை பிடிக்க முடியாது தாயி. இவங்களுக்கும் வீடு இருக்குல்ல.” பாவம், அவன் மேலயும் தப்பில்ல. பக்கத்துல நண்டுத்திட்டுன்னு ஒரு ஆளில்லாத மணல்மேடு. அங்க அவள இறக்கிவிட்டுட்டு லாஞ்சு போச்சு. போன உடனே தீவு நல்லபிள்ளையா நின்னுருச்சு. மத்தவங்க எல்லாம் இறங்கி வீட்டுக்குப் போயிட்டாங்க.

நம்பு மணல்ல நின்னு கத்துறா, “வரேன்! போயிட்டு வரேன்னு சொல்லுறேன்! வரேன்!” யாரு கேக்குறா? அந்தக் கயிறு அறுந்தது அறுந்ததுதான்.

அப்புறம் விடிஞ்சதும் கருமலை ஒரு பாய்மரப் படகக் கொண்டுவந்தான். “இஞ்சின் சத்தத்துல தீவு மெரண்டிருக்கும், சத்தமில்லாமப் போயிப் பாப்போம்”னான். பாய விரிச்சாங்க. காத்து பட்டுச்சு, படபடபட, படகு வழுக்கிக்கிட்டுப் போகுது. தீவு தூங்குற மாதிரி இருக்கு. இன்னும் ஒரு தாவு தாவினாக் கரை. சர்ர்ர்ர்! போயே போச்சு. ஆனா அந்தக் கிட்டத்துல நம்புவுக்கு ஒண்ணு கேட்டுருச்சு. ங்கா... ங்கான்னு அவ பிள்ளை அழுகிற சத்தம். ஆட்டுப்பால் கொடுத்துப் பாத்திருக்காங்க, துப்பிருச்சு. தண்ணி கொடுத்திருக்காங்க, துப்பிருச்சு. அம்மாதான் வேணும்னு அழுது அழுது தொண்ட கம்மிப்போச்சு.

“பிள்ளைய படகுல கொண்டுவந்து குடுக்கலாம்ல?”

அடி என் அறிவுக்கொழுந்தே! நம்புவத் திரும்ப மணல்மேட்டுல விட்டுட்டு, அததான் கருமலையும் போயிக் கேட்டான். இருளாயி பிள்ளைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. “பிள்ளையையும் கொடுத்துட்டா அவ அப்படியே அவ ஊருக்குப் போயிடுவா, பெறகு ஏன் வரப்போறா?”ன்னா. அவளுக்குப் பயம்டி. போறேன்னு சொன்னவ நெசமாவே போயிடுவான்னு பயம். அந்தப் பயத்த வாயத் தொறந்து சொல்லத் தெரியல.

அப்புறம் கடல் வத்துச்சு. முழங்கால் தண்ணி, இடுப்புத் தண்ணி, நடந்தே போயிடலாம்ங்கிற மாதிரி இருந்துச்சு. நம்பு படகே வேணாம்னு இறங்கிட்டா. நடக்குறா. களக், களக், களக். தண்ணி இடுப்புக்கு வந்துச்சு, நெஞ்சுக்கு வந்துச்சு. தீவு பின்னாலயே போகுது. கழுத்துக்கு வந்தப்போ அவ நின்னுட்டா. கைய எடுத்துக் கும்பிட்டு, “தாயே, தப்பா ஒரு வார்த்த சொல்லிட்டேன், எம்பிள்ளைக்குப் பசிக்குது”ன்னா.

அப்போ கடல் பேசுச்சு. ஆமா, பேசுச்சு. அலையெல்லாம் அப்படியே படுத்துருச்சு. மீனெல்லாம் அசையாம நின்னுச்சு. அடியில எங்கயோ இருந்து தொம்ம்ம்னு ஒரு குரல், அவ காலுக்கடியில மணலே அதிருது. “ஒரு கயிறு நீ அறுத்தே. இன்னொரு கயித்தத் தேடினேன். காணோம். அந்த வீட்டுல உன்ன வான்னு சொன்னது யாரு?”

நம்பு யோசிச்சா. யோசிக்க என்ன இருக்கு? யாரும் சொல்லல. பிள்ளையும் பெத்து, அந்த வீட்டுல சோறாக்கி, பாய் விரிச்சு, அத்தன நாளும் கூப்பிடாத வீட்டுலதான் இருந்திருக்கா. தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு அவ விட்ட கண்ணீர் எது, கடல் எதுன்னு தெரியல. “யாரும் கூப்பிடல தாயே”ன்னா.

கடல் சொன்னது தீவுல எல்லாருக்கும் கேட்டுச்சு. சனமெல்லாம் கரைக்கு ஓடி வந்து, “வாம்மா! வா நம்பு! வா வா!”ன்னு கத்துறாங்க. தீவு அசையவே இல்ல. ஊரு கூப்பிட்டா ஆச்சா? வீடு கூப்பிடணும்ல. எல்லாரும் திரும்பி இருளாயியப் பாத்தாங்க.

இருளாயி இடுப்புல பிள்ளை, பக்கத்துல ஆடு. தொண்டையச் செருமிக்கிட்டா. “ஏ ராசாத்தி, அவள வரச்சொல்லு.” தீவு சர்ர்ருன்னு இன்னும் தள்ளிப் போச்சு! பிள்ளை வீறிட்டு அழுகுது. இருளாயி, “சரி, வந்தா வரட்டும்”னா. தீவு இன்னும் தள்ளிப் போச்சு. நம்புவோட தல மட்டும் தூரத்துல கறுப்பா தெரியுது, ஒரு சின்னப் பொட்டு அளவுக்கு. ராசாத்தி இருக்கே, அது இருளாயிய ஒரு பார்வ பாத்துச்சு. மேன்னுச்சு. வாலை ஆட்டிக்கிட்டுத் திரும்பி நடந்து போயிருச்சு. அதுக்கும் எத்தன நாளுதான் பொறுமை இருக்கும்?

பேச ஆடு இல்ல இப்போ. இருளாயி தண்ணியில இறங்கினா. பிள்ளையத் தோளுக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, சேலை நனைய நனைய இறங்கி, வாயத் தொறந்தா. மொதல்ல காத்துதான் வந்துச்சு. அப்புறம்தான் சத்தம் வந்துச்சு.

“வா!” 

தீவு நின்னுச்சு.

“வாடி! என் மகளே, வாடி! நம்ம வீட்டுக்கு வா!”

அப்போ நடந்ததுதான் கதை. நம்பு ஒரு அடி எடுத்து வைக்கல. தீவு வந்துச்சு அவகிட்ட! தென்னமரத்தோட, புன்னமரத்தோட, வீட்டோட, கெணத்தோட, கூரைமேல கோழியோட, கரையில நிக்கிற அத்தன சனத்தோட, தண்ணியப் பிளந்துக்கிட்டு ஹோன்னு வந்துச்சு. வந்து, அவ காலுக்கடியில மணல மெதுவா நொழச்சு, அவளத் தூக்கிக் கரையில நிறுத்திருச்சு. பிள்ளை தாவி வந்து மார்ல வாய வச்சுது. சப்பு சப்பு சப்பு. அவ்வளவுதான், அழுகை நின்னுபோச்சு.

ஆனா இருளாயிக்கு நிறுத்தத் தெரியல. அத்தன நாளும் அடக்கி வச்ச வா எல்லாம் மடை ஒடச்ச மாதிரி வருது. “உள்ள வா. உக்கார வா. சாப்பிட வா. தலை துவட்ட வா. வா, வா, வா!” அவ கத்துறது கடல் பூராவும் கேட்டுச்சு. அப்புறம் என்ன ஆச்சு? நிமிந்து பாத்தா, நாலு பக்கமும் தீவு! நண்டுத்திட்டு நண்டோட வந்து நிக்குது. ஒத்தத் தென்னமரத் தீவு காக்காவோட வந்து நிக்குது. கண்ணுக்கெட்டின தீவெல்லாம் “எங்களையா கூப்பிட்டே?”ன்னு கேக்குற மாதிரி முட்டிக்கிட்டு மோதிக்கிட்டு வந்து நிக்குது. கருமலையோட லாஞ்சு நடுவுல மாட்டிக்கிச்சு. சனமெல்லாம் வாய்மேல கைய வச்சு நிக்கிறாங்க.

இருளாயி கண்ணத் தொடச்சுக்கிட்டா. கூப்பிட்டு வந்தவங்கள வெறுமனே போங்கன்னு சொன்னா நல்லாருக்குமா? ஒவ்வொரு தீவுக்கும் கும்பிடு போட்டு, “ரொம்ப சந்தோஷம், போயிட்டு வாங்க”ன்னா. எல்லாம் மெதுவாத் திரும்பிப் போச்சு.

போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டா இல்ல? அதனால இப்பவும் அதுங்க அப்பப்போ வரும். அந்தப் பக்கம் காலையில கதவத் தொறந்தா, நேத்து வரைக்கும் தூரத்துல இருந்த தீவு வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிக்குமாம். லாஞ்சே வேணாம். நம்பு பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு, அடுத்த தீவுல போயி உறைமோர் வாங்கிட்டு வருவா. மாமியா வாசல்ல நின்னு வழி பாத்துக்கிட்டே இருப்பா.

என்னடி, ம் சத்தத்தயே காணோம்? சரி சரி. கதை கரை சேந்துருச்சு, லாஞ்சையும் கட்டிப் போட்டாச்சு. தூங்கு கண்ணு, தூங்கு.