சவரிராயனின் ஒலிக்கடிகாரம்

திருச்சியில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி. அங்கே தலைமை வடிவமைப்பாளர் நப்பின்னை. அவளிடம் தொழில் கற்க வந்தவர் சவரிராயன். அவளைவிட வயதில் மிகவும் மூத்தவர். கல்யாண மண்டபங்களுக்கு ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்துப் பேர் வாங்கியவர். "டிஜிட்டல் எனக்குத் தெரியாது மேடம். நீங்கதான் குரு" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவள் சிரிக்கவில்லை. வேலையைக் கொடுத்தாள்.

ஒரு பாட்டுப் பள்ளிக்குப் பல ஊர்களில் கிளைகள். ஆசிரியர் இங்கே பாடுவார். அந்தந்த ஊரில் ஒரு பெட்டி படத்தையும் ஒலியையும் வாங்கி மாணவர்களுக்குக் கொடுக்க வேண்டும். படம் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று காட்டும் கடிகாரத் துடிப்பு கம்பியிலேயே வந்துவிடும். ஒலிக்கு வராது. படம் இத்தனை முறை துடித்தால் ஒலி இத்தனை முறை துடிக்க வேண்டும் என்று எண்கள் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அவற்றை வைத்துப் பெட்டி தனக்கென்று ஓர் ஒலிக்கடிகாரத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கடிகாரம் ஆடினால் சுருதி ஆடும்.

ஆடியது.

பள்ளியின் ஆசிரியை தர்மாம்பாள் பக்கத்து அறையில் உட்கார்ந்து, பெட்டி வழியாக வந்த தம்புராவைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சரி என்று சொன்னால்தான் ஆர்டர். இல்லையென்றால், சவரிராயனை நம்பிப் பழைய கடையிலிருந்து கூடவே வந்த இரண்டு பேருக்கும் வேலை போய்விடும்.

இன்டர்காமில் குரல் வந்தது. "ஏறுது தம்பி."

சவரிராயன் கம்ப்யூட்டரில் ஓர் எண்ணைக் குறைத்தார்.

"இப்போ இறங்குது."

கூட்டினார்.

"மறுபடியும் ஏறுது. என்ன பண்றீங்க அங்கே? முன்னாடி இருந்ததே தேவலை."

சவரிராயன் தலையைப் பிடித்துக்கொண்டார். "மேடம், கம்பியில வர்ற எண்ணே ஒரு நேரம் கூடி வருது, ஒரு நேரம் குறைஞ்சு வருது. அதுவும் இம்மியளவுதான். வந்த நொடியே கடிகாரம் அதுக்கேத்த மாதிரி திரும்புற மாதிரி செஞ்சுட்டேன். இந்தம்மா சொன்னா நானும் உடனே மாத்துறேன். சொன்ன பேச்சு கேக்கக் கேக்க மோசமாகுதே, ஏன்?"

நப்பின்னை எழுந்தாள். இன்டர்காமின் ஒயரைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"நான் போய் அவங்க பக்கத்துல உக்கார்றேன். சொல்ல வேண்டியதை வந்து சொல்றேன்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"எதையும் தொடாதீங்க."

கண்ணாடிக் கதவு வழியே அவருக்கு எல்லாம் தெரிந்தது. தர்மாம்பாள் முகத்தைச் சுளித்தார். கையை மேலே காட்டினார். கொஞ்ச நேரத்தில் கீழே காட்டினார். நப்பின்னை தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். எழுந்து வரவில்லை.

சவரிராயன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "என்ன சொல்றாங்க மேடம்?"

"கேட்டுட்டு இருக்காங்க."

"கை காட்டினாங்களே?"

"காட்டினாங்க."

அவர் கதவைச் சாத்தினார். குரு என்று வாய் தவறிச் சொன்னோமே என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. டீ வந்து ஆறிப்போனது. கை பரபரத்தது. எண்ணை மாற்றாமல் உட்கார்ந்திருப்பது வேலை செய்வதைவிடச் சிரமமாக இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து நப்பின்னை வந்தாள்.

"சுருதி சரியா இருக்கு சார். நடுக்கம்தான் இருக்கு."

"ஏறுது, இறங்குதுன்னு அத்தனை தடவை சொன்னாங்களே?"

"ரெண்டும் சொன்னாங்க. கூட்டிக் கழிச்சுப் பார்த்தேன். ஒண்ணும் மிஞ்சல."

சவரிராயன் அவளையே பார்த்தார். பிறகு திரையில் ஓடிக்கொண்டிருந்த எண்களைப் பார்த்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். எண் வந்ததும் திரும்பாமல், வந்த எண்களையெல்லாம் சேர்த்துவைத்து, சராசரி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் மெல்ல நகரும்படி கடிகாரத்தை மாற்றினார்.

பக்கத்து அறையில் தம்புராவின் சுருதி நின்றது. அசையாமல் நின்றது. தர்மாம்பாள் கண்ணை மூடி அதோடு சேர்ந்து முனகினார்.

சவரிராயன் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. அது நிலைக்கவில்லை. தர்மாம்பாள் பதிவுசெய்து வைத்திருந்த வேறொரு பாடத்தைப் போடச் சொன்னார். அந்தப் பதிவின் வேகம் வேறு. பெட்டியின் கடிகாரம் பழைய இடத்திலிருந்து புது இடத்துக்கு மெல்ல, மிக மெல்ல நகர்ந்தது. அது போய்ச் சேரும்வரை தம்புரா வழுக்கிக்கொண்டே போனது.

கதவு படீரென்று திறந்தது. "சார், உடனே வாங்க. ஓடி வாங்க" என்றாள், பக்கத்து அறைக்குத் திரும்பிப் போயிருந்த நப்பின்னை.

தர்மாம்பாள் லிஃப்ட் அருகே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "பாட்டு மாறுறப்பல்லாம் இப்படி இழுத்துக்கிட்டுப் போனா, பிள்ளைங்க எதைப் பிடிச்சுக்கிட்டுப் பாடும்?"

"கொஞ்சம் இருங்கம்மா. சரிபண்ணிடறேன்" என்று சவரிராயன் கெஞ்சினார். தர்மாம்பாள் முனகிக்கொண்டே திரும்பி வந்து உட்கார்ந்தார்.

தன் அறைக்கு வந்ததும் சவரிராயன் பொறுமை இழந்தார்.

"மேடம், நான் வயசுல பெரியவன், கோவிச்சுக்காதீங்க. காலையில அந்தம்மா ஆயிரம் சொன்னாங்க. நீங்க ஒண்ணையும் எங்கிட்ட சொல்லல. நான் கேட்டும் சொல்லல. இப்போ ஒரே ஒரு தடவை, மூச்சு வாங்க ஓடி வந்து கூப்பிடறீங்க. கேட்டவுடனே திரும்பணுமா, திரும்பக் கூடாதா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. அதையே செஞ்சுட்டுப் போறேன்."

நப்பின்னை சுற்றிவைத்திருந்த ஒயரைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அப்போ அவங்க உக்காந்த இடத்துல இருந்தாங்க சார். இப்போ எழுந்து போயிட்டாங்க."

சவரிராயன் திரையின் பக்கம் திரும்பினார். கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, எண் இருந்த இடத்திலேயே ஆடினால் சராசரி பார்க்கவும், இடத்தை விட்டே போனால் உடனே தாவவும் கடிகாரத்தை மாற்ற ஆரம்பித்தார். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.

வெகு நேரத்துக்குப் பிறகு, பக்கத்து அறையில் பாடம் மாறியது. தம்புரா ஒரே தாவலில் புது சுருதிக்குப் போய் அங்கேயே நின்றது. தர்மாம்பாள் கண்ணை மூடினார். பாட ஆரம்பித்தார்.

சவரிராயன் கீபோர்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.