முன் சக்கரத்து இரைச்சல்

கொடைக்கானல் மலை ஏறப் போற வண்டியெல்லாம் கடைசியா ஒரு தடவ மூச்சு வாங்கிக்கிற ஊரு வத்தலக்குண்டு. அங்க மெயின் ரோட்டோரமா ஒரு கார் பட்டறை. நடத்துறவ பிலோமினா. இன்னும் முப்பது தாண்டல, ஆனா ஊரே அவள 'மேஸ்திரி'ன்னுதான் கூப்பிடும்.

அவகிட்ட தொழில் கத்துக்க வந்தவன் சடையாண்டி. மேஸ்திரிய விட வயசுல நல்லா மூத்தவன். மலையில ஜீப் ஓட்டிக்கிட்டு இருந்தான். ஜீப்பு கைய விட்டுப் போனதும், இனிமே ஓட்டுறதில்ல, கழட்டி மாட்டுறதுதான்னு கீழ இறங்கி வந்துட்டான். கோவம் அவனுக்கு மூக்கு நுனியிலயே குடியிருக்கும். வாயோ, வேலி இல்லாத தோட்டம்.

வந்த அன்னைக்கே கேட்டான்.

"மேஸ்திரி, சத்தத்த வச்சே வண்டிக்கு என்ன சீக்குன்னு சொல்லிருவீங்களாமே. அத மட்டும் சொல்லிக் குடுங்க. மத்தது எனக்கே தெரியும்."

"பாக்கலாம்ணே," ன்னா பிலோமினா.

"சத்தத்த எப்படிப் பாக்கறது? கேக்கத்தான் முடியும்."

அவ சிரிச்சுக்கிட்டே சேறு அப்பிக் கெடந்த சக்கரத்தக் காட்டி, கழுவி வைக்கச் சொன்னா. சடையாண்டி கழுவுனான். கழுவுற நேரம் பூரா முணுமுணுத்தான். ஆனாலும் மறுநாளும் வந்தான்.

அந்தப் பட்டறையில ஒரு வழக்கம் உண்டு. வண்டி போகலாம்னு யாரு சொல்றாங்களோ, அவங்க அந்த வண்டியோட மொத ஓட்டத்துல உள்ள உக்காந்து போகணும். போகலாம்னு சொல்லிட்டு, இங்க உக்காந்து டீ குடிக்கிற கதையே கெடையாது.

ஒரு நாள் மத்தியானம் ஜீவரத்தினம் வந்தாரு. மலையில பண்ணைக்காட்டுல வாழத் தோட்டம் போட்டிருக்கிறவரு. வண்டிய நிறுத்தின கையோட ஆரம்பிச்சாரு.

"மேஸ்திரி, வேகம் ஏற ஏற ஊம்ம்னு இரையுது. கல்யாண வீட்டுல நாயனத்துக்குப் பின்னால ஒருத்தன் ஒத்து ஊதுவான் பாருங்க, அதே மாதிரி. விடவே மாட்டேங்குது. டயர் கடையில காட்டுனேன். டயருங்குறான். டயர் விக்கிறவன் வேற என்ன சொல்வான்?"

பிலோமினா வாயத் தொறக்கறதுக்குள்ள சடையாண்டி சாவிய வாங்கிட்டான். பெட்ரோல் பங்க் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்து கதவ அடிச்சுச் சாத்துனான்.

"பேரிங். வலது முன் சக்கரம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். சார், வண்டிய இங்கயே போட்டுட்டுப் போங்க. இதோட மலை இறங்குனீங்கன்னா, கொண்டை ஊசி வளைவுல சக்கரம் உங்களுக்கு முன்னாடி மதுரை போயிச் சேரும்."

ஜீவரத்தினத்துக்கு மூஞ்சி வெளுத்துருச்சு.

"நாளைக்குக் காலையில என் சம்சாரத்த மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணுமே. கிட்னி மெஷின்ல போடணும். ஒரு தடவ தவறிட்டாலே மூச்சு வாங்க ஆரம்பிச்சிரும் தம்பி."

"வேற வண்டி புடிங்க."

"சீசன் நேரம். மலையில இருக்கிற வண்டியெல்லாம் டூரிஸ்ட்டுக்குப் போயிருச்சு. பஸ்ஸுல அவளால வளைவு தாங்க முடியாது. நீங்க பேரிங்க இப்பவே மாத்திருங்க."

"மாத்தலாம். பேரிங் மதுரையிலருந்து வரணும். நாளைக்குச் சாயந்தரம் ஆகும்."

ரெண்டு பேரும் பிலோமினாவப் பாத்தாங்க. அவ கையத் தொடச்சுக்கிட்டு ஓட்டுற சீட்டுல ஏறி உக்காந்தா.

"ஏறுங்க ரெண்டு பேரும்."

வண்டி ரோட்டுக்கு வந்து வேகம் புடிச்சதும் ஒத்து ஊத ஆரம்பிச்சிருச்சு. அவ கியர நியூட்ரல்ல தள்ளுனா. எஞ்சின் அடங்குச்சு, இரைச்சல் அடங்கல.

"எஞ்சின் இல்ல, கியர் பாக்ஸும் இல்ல," ன்னான் சடையாண்டி. "இத நான் பங்குக்குப் போகும்போதே பாத்துட்டேன்."

ரோடு காலியா இருந்த எடத்துல ஸ்டியரிங்க இடது பக்கம் லேசா ஒடிச்சா. இரைச்சல் ஏறுச்சு. வலது பக்கம் ஒடிச்சா. இறங்குச்சு.

சடையாண்டி தொடையில தட்டுனான். "கேட்டீங்களா? இடது ஒடிச்சா பாரம் வலது பக்கம் சாயுது. வலது பேரிங் கத்துது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? பேரிங்கே எறங்கி வந்து கையெழுத்துப் போடணுமா?"

"ம்," ன்னா பிலோமினா. கொஞ்ச தூரம் போனதும் கேட்டா, "சாயுற பாரம் பேரிங் மேல மட்டுமா ஏறும்?"

சடையாண்டி பதில் சொல்ல வாயத் தொறந்தான். பேரிங்குக்குக் கீழ டயர் இருக்கு, பாரம் அது மேலயும்தான் ஏறும்னு அவனுக்குப் பட்டுருச்சு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான்.

பழைய ரோடு முடிஞ்சு புதுசாப் போட்ட தார் ரோடு வந்துச்சு. சீமெண்ணெய் விட்டுத் தொடச்ச மாதிரி வழுவழுன்னு ரோடு. இரைச்சல் பாதியாக் கொறஞ்சிருச்சு.

பின்னாலருந்து ஜீவரத்தினம் துள்ளுனாரு. "பாத்தியா தம்பி! ரோடு மாறுனா சத்தம் மாறுது. பேரிங்குக்கு என்ன தெரியும் ரோட்டப் பத்தி? டயர்தான்!"

"நீங்க வாழயப் பாருங்க சார், வண்டிய நாங்க பாத்துக்கறோம்."

"ம்," ன்னா பிலோமினா.

அதுதான் சடையாண்டிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. தனக்கும் ஒரு 'ம்', வாழைக்காரருக்கும் ஒரு 'ம்'மா? "ஏம்மா," ன்னு ஆரம்பிச்சான். கோவம் தலைக்கு ஏறுனா மேஸ்திரி போயி ஏம்மா வந்துரும். "ஏம்மா, பேரிங்கா டயரா? ஒரு வார்த்த சொன்னா முத்து உதிர்ந்துருமா?"

அவ வண்டியத் திருப்பிப் பட்டறைக்கு விட்டா.

ஜாக்கி போட்டு வலது முன் சக்கரத்தத் தூக்குனாங்க. சக்கரத்துக்கு மேல இருக்கிற சுருள் கம்பியக் காட்டி, "இதுல உள்ளங்கைய வைங்கண்ணே. கண்ண மூடிக்குங்க. சக்கரத்த நான் சுத்துறேன். பேரிங் போயிருந்தா கம்பி வழியா கரகரன்னு கைக்கு வரும்," ன்னா.

சடையாண்டி கைய வச்சுக் கண்ண மூடுனான். கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் வந்துச்சு. பொடிப்பொடியா ஒரு அதிர்வு, விரல் நுனி வரைக்கும்.

"இந்தா! இந்தா வருது! கரகரகரன்னு மணல அரைக்கிற மாதிரி அரைக்குது. இப்பவாச்சும் ஒத்துக்கிறீங்களா?"

யாரும் ஒத்துக்கல. கண்ணத் தொறந்தான். சக்கரம் அப்படியே நின்னுச்சு. பிலோமினா குனிஞ்சு சக்கரத்தப் புடிக்கப் போன நெலையில, புடிக்காம அவனப் பாத்துக்கிட்டு இருந்தா. மூலையில காத்தடிக்கிற கம்ப்ரசர் ஓடிக்கிட்டு இருந்துச்சு. காத்து கொறஞ்சா தானா ஓடுற மெஷினு. அது ஓடுனா தரையெல்லாம் அதிரும்.

ஜீவரத்தினம் ரோட்டுல போற பஸ்ஸ ரொம்ப அக்கறையாப் பாத்தாரு. தோளு மட்டும் குலுங்குச்சு.

"ஏமாத்திட்டீங்க!" ன்னு கத்துனான் சடையாண்டி. "சுத்துறேன்னு சொல்லிட்டு சுத்தாம நின்னா என்ன அர்த்தம்?"

"சுத்தத்தான் போனேன்ணே. அதுக்குள்ள சொல்லிட்டீங்க. சக்கரம் நின்னுக்கிட்டுதான இருக்கு. ஓடுனது யாரு?"

கையில இருந்த ஸ்பேனரத் தூக்கிப் போட்டான். அது சிமெண்டுல மணி மாதிரி அடிச்சுது. விறுவிறுன்னு வெளிய நடந்தான். டீக்கடைக்குப் போகணும், போயி அப்படியே வீட்டுக்குப் போயிறணும், இந்தச் சின்னப் பொண்ணுகிட்ட வேல கத்துக்கறதுக்கு எரும மேய்க்கலாம். இப்படி நெனச்சுக்கிட்டே வாசலத் தாண்டுனவன் நின்னான்.

வாசலுக்கு அந்தப் பக்கம் ஜீவரத்தினம் வந்து நின்னு போன் பேசிக்கிட்டு இருந்தாரு. சிரிச்ச மூஞ்சி எங்க போச்சுன்னே தெரியல.

"மேகலா, சாப்பிட்டியா? காலு வீங்கியிருக்கா? தண்ணி ரொம்பக் குடிக்காத. வந்துருவேன் வந்துருவேன். வண்டியா? பாத்துக்கிட்டு இருக்காங்கம்மா. ஆங்... நாளைக்குப் போயிறலாம். போயிறலாம்னுதான் நெனக்கிறேன்."

சடையாண்டி திரும்பி உள்ள வந்தான். யாரையும் பாக்கல. நேரா மூலைக்குப் போயி கம்ப்ரசர் சுவிட்ச அணைச்சான். பட்டறை கம்முன்னு ஆச்சு. சக்கரத்துக்கு முன்னால குத்த வச்சு உக்காந்தான். மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுனான். ஆட்டம் இல்ல. ஒரு கையக் கம்பியில வச்சான், இன்னொரு கையால சக்கரத்த ஓங்கிச் சுத்தி விட்டான்.

கைக்கு ஒண்ணும் வரல. நம்பாம மறுபடி சுத்தினான். எண்ணெயில ஓடுற மாதிரி ஓடி, தானா நின்னுச்சு. இடது பக்கமும் தூக்கிச் சுத்திப் பாத்தான். அதுவும் அப்படித்தான்.

மறுபடி வலது சக்கரத்துக்கு வந்து, ரோட்டத் தொடுற பக்கம் டயர்ல கட்டகட்டையா இருக்கிற பட்டன் மேல உள்ளங்கைய வச்சு முன்னால தடவுனான். வழுக்கிக்கிட்டுப் போச்சு. பின்னால இழுத்தான். கை பிச்சுக்கிச்சு. பட்டன் ஒவ்வொண்ணும் ஒரு பக்கமாத் தேஞ்சு ரம்பப் பல்லு மாதிரி எந்திரிச்சு நின்னுச்சு. போகும்போது வெண்ணெய், வரும்போது அரம்.

"டயரு!" ன்னு எந்திரிச்சான். "சார், டயருதான்! பேரிங்குக்கு ஒண்ணும் ஆகல. கல்லு மாதிரி இருக்கு."

ஜீவரத்தினம் வாசலுக்கு வந்தாரு. "நெசமாவா தம்பி?"

"அப்ப வண்டி போகலாம்னு சொல்றீங்களாண்ணே?" ன்னு கேட்டா பிலோமினா.

சடையாண்டி சொல்ல வந்தான். வாயி தயாரா இருந்துச்சு. ஆனா சொல்லிட்டா நாளைக்கு விடிஞ்சு அவன் அந்த வண்டிக்குள்ள உக்காரணும். பின்னால கால் வீங்கின அந்தம்மா படுத்திருக்கும். ஒரு பக்கம் பாற, ஒரு பக்கம் பள்ளம். மத்தியானம் பேரிங்னு சொன்னப்பவும் இதே வாயி இதே மாதிரிதான் தயாரா இருந்துச்சு.

"இருங்க மேஸ்திரி," ன்னான். "இன்னும் ஒண்ணு பாக்கணும்."

அவனே நாலு சக்கரத்தையும் கழட்டுனான். முன் சக்கரத்தப் பின்னால போட்டான், பின் சக்கரத்த முன்னால போட்டான். நட்ட முறுக்கும்போது வாயி ஒண்ணும் முணுமுணுக்கல. பிலோமினா கூடமாட உதவுனா.

இந்தத் தடவ சடையாண்டி ஓட்டுனான். அதே பழைய ரோடு. வேகம் ஏறுச்சு. ஒத்து ஊத ஆரம்பிச்சுது.

"எனக்கு முதுகுலல்ல கேக்குது!" ன்னாரு பின் சீட்டுல இருந்த ஜீவரத்தினம்.

சடையாண்டி கைய மட்டும் காட்டிப் பேசாம இருக்கச் சொன்னான். முன்னால காத வச்சான். இடது ஒடிச்சான், வலது ஒடிச்சான். முன் சக்கரம் ரெண்டும் பால் குடிச்ச பூன மாதிரி போச்சு. டயர் எங்க போச்சோ, சத்தம் அது பின்னாலயே போயிருச்சு. பேரிங் இருந்த எடத்துல ஒண்ணும் இல்ல. அவன் அதோட விடல. ரோடு முடியற வரைக்கும் போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். பக்கத்துல பிலோமினா கைய மடியில வச்சுக்கிட்டு, ஏதோ பாட்டுக் கச்சேரியில உக்காந்த மாதிரி உக்காந்திருந்தா.

பட்டறை வாசல்ல வண்டிய நிறுத்தி, மெதுவாச் சொன்னான்.

"போகலாம் சார். நான் கூட வர்றேன். வளைவுல நெதானமாப் போவோம். டயர மதுரையில மாத்திக்கலாம்."

பொழுது சாயறதுக்குள்ள சடையாண்டியும் ஜீவரத்தினமும் மலை ஏறிட்டாங்க. மறுநாள் காலையில மேகலாவப் பின் சீட்டுல படுக்க வச்சு வண்டிய மலை இறக்குனாங்க. ஓட்டுனவன் சடையாண்டி. ஒவ்வொரு வளைவுலயும் காது முன் சக்கரத்துலயே இருந்துச்சு. பாதி மலையில மேகலா கண்ணத் தொறந்து, "என்னங்க, இந்தச் சத்தம் நல்லாருக்குங்க. தொட்டில் ஆட்டுறப்ப பாடுற மாதிரி இருக்கு. டயர அப்புறமா மாத்துங்க," ன்னு சொல்லிட்டு மறுபடி தூங்கிருச்சு. நேரத்துக்கு ஆஸ்பத்திரி போயிச் சேந்தாங்க.

சடையாண்டி பஸ் ஏறி வத்தலக்குண்டு திரும்புனான். பட்டறைக்கு வந்தப்ப பிலோமினா ஒரு வண்டிக்கு அடியில படுத்திருந்தா. காலு மட்டும் வெளிய தெரிஞ்சுது. அவன் அந்தக் காலுக்குப் பக்கத்துல குத்த வச்சு உக்காந்தான்.

"அந்தம்மா நல்லாருக்கு மேஸ்திரி."

"சந்தோசம்ணே."

"ஒண்ணு கேக்கணும். கோவமாக் கேக்கல."

"கேளுங்க."

"வண்டி உள்ள வரும்போதே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு, டயருன்னு. நான் பேரிங் பேரிங்னு குதிச்சுக்கிட்டு இருந்தேன். நீங்க ஒரு வார்த்த சொல்லல. எனக்குப் புத்தி வரட்டும்னுதான விட்டீங்க?"

அடியில ஸ்பேனர் சத்தம் நின்னுச்சு. பிலோமினா ஊர்ந்து வெளிய வந்து, முகத்துல இருந்த கிரீசப் புறங்கையால வழிச்சுக்கிட்டு அவனப் பாத்தா.

"இல்லண்ணே. நானும் பேரிங்னுதான் நெனச்சேன். அதான் வாயத் தொறக்கல."