பழைய புற்றுக்கு ஒரு கட்டுப் புல்

பனங்காட்டுக் கரையான்கள் பழைய புற்றை விட்டுப் பக்கத்திலேயே புதுப் புற்று கட்டிக் குடிபோயின. ஐப்பசி பிறந்தால் பழசில் ஒரு துளி மண்கூடப் பூச மாட்டோம் என்று அவற்றின் மேஸ்திரி செல்லாண்டி காடெல்லாம் சொல்லி அனுப்பியது.

தேளும் அரணையும் அன்றைக்கே மூட்டை கட்டின. உடும்பு மங்காயியால் மட்டும் கிளம்ப முடியவில்லை. பழைய புற்றுக்குள் அவளுடைய ஏழு முட்டைகள் இருந்தன. எடுத்தால் கெட்டுப்போகும். விட்டால் மழையில் புற்றோடு கரைந்துபோகும்.

அவள் ஓடிப்போய்க் கெஞ்சினாள். செல்லாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டது. "தனி ஏற்பாடு ஒண்ணு இருக்குக்கா. வாரம் ஒரு கட்டுக் காய்ஞ்ச புல். ஒழுகினா அடைப்போம், அவ்வளவுதான். புது அறை, கூடுதல் வாசல்னு கேக்கப்படாது!"

எந்தக் குரலையும் அப்படியே பேசிக் காட்டும் கரிச்சான் குருவி பனைமரத்தில் இருந்தது. அதே செருமலோடு, "மூச்சு விட்டா அதுக்கு ரெண்டு கட்டு!" என்றது.

மங்காயி கண்டுகொள்ளவில்லை. புல் சுமந்தாள். அடைமழையிலும் புற்று நின்றது. வெயில் காலம் வந்ததும் ஏழு முட்டைகளும் பொரிந்தன.

குட்டிகள் நேராகப் புதுப் புற்றுக்கு ஓடி, அம்மாவுக்கும் ஓர் அறை பிடித்துவைத்தன. அவளுக்கோ பழைய புற்றின் வளைவெல்லாம் மனப்பாடம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள். அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. செல்லாண்டி கேட்கும் கூலி ஒரு கட்டிலிருந்து இரண்டானது, இரண்டு நான்கானது. பக்கத்தில் புல் தீர்ந்துபோய் மலையடிவாரம் வரை போனாள். திரும்பும் வழியில் ஏதாவது முட்புதரடியில் விழுந்து தூங்கினாள்.

ஒருநாள் பழைய புற்றின் உச்சியிலிருந்து செருமல் கேட்டது. "அக்கா, உள்ளே எத்தனை பேருன்னு சொல்லு. கணக்கெடுக்கணும்."

மங்காயி நின்று யோசித்தாள். குட்டிகள் இல்லை. தேள் இல்லை, அரணை இல்லை. அவளே உள்ளே படுத்து ஆறு மாதமாகிறது.

"யாருமில்லையே!" என்றாள்.

கரிச்சான் சொந்தக் குரலில் சிரித்துக்கொண்டு பறந்தது.

நான்கு கட்டுப் புல்லையும் இழுத்துக்கொண்டு அவள் புதுப் புற்றுக்குப் போனாள். வாசலில் கடைக்குட்டி தலையை நீட்டி, "நீங்க யாரு?" என்று கேட்டது.

மங்காயி உள்ளே நுழைந்து, கொண்டுவந்த புல்லையெல்லாம் உதறிப் பரப்பினாள். ஏழு குட்டிகளும் அதில் உருண்டன.

வெளியே மறுபடி செருமல். "அக்கா, இந்த வாரக் கட்டு?"

"போடா கரிச்சான், ஒருதரம் ஏமாந்தது போதும்!"

வாசலில் நின்றது நிஜச் செல்லாண்டி. பாவம், ரொம்ப நேரம் செருமிப் பார்த்துவிட்டுப் போனது.

மாறுவதற்கு விலை கொடுத்து அவகாசம் வாங்கலாம். அவகாசத்தையே வாங்கிக்கொண்டிருந்தால் மாறுகிற நாள் வராது.